விபத்து இழப்பீட்டு வழக்கும் வக்கீலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. விபத்து வழக்குகள் நடக்கும் கோர்ட்டு வராந்தாவில் காத்திருப்பவர்கள், வக்கீலிடம் கேட்கத் தயங்குவதையெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

இது தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கும், உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கும் மட்டும். தொழிற்சாலைக்குள் நடந்த விபத்து, மின்சாரம் தாக்கியது, ஆஸ்பத்திரியில் நடந்த தவறு எல்லாம் வேறு சட்டம், வேறு இடம்.

ஆக்சிடென்ட் ஆயிடுச்சு. வக்கீல் வெச்சே ஆகணுமா? நாங்களே கேட்டு வாங்க முடியாதா?

சட்டப்படி கட்டாயம் இல்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் போலீஸே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் எதிரில் நிற்பது இன்சூரன்ஸ் கம்பெனி. இதே வேலையாக இருக்கும் வக்கீல்கள் அவர்களுக்கு உண்டு. டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது, வருமானத்தை நிரூபிப்பது, உங்களைக் குறுக்கு விசாரணை செய்யும்போது எழுந்து ஆட்சேபிப்பது இதெல்லாம் பழக்கம் இல்லாதவர்களால் ஆகாது. எலும்பு முறிவு, ஊனம், உயிரிழப்பு என்றால் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். இடித்த வண்டி எதுவென்றே தெரியாத கேஸுக்கு மட்டும் தேவைப்படாது. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

போலீஸ்தான் கேஸ் போட்டுட்டாங்களே, அப்புறம் நாங்க எதுக்குத் தனியாப் போடணும்?

அது வேறு, இது வேறு. போலீஸ் போடுவது வண்டி ஓட்டியவர் மேல் குற்ற வழக்கு. 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்து என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125, உயிரிழப்பு என்றால் 106 ஆகிய பிரிவுகள் எஃப்.ஐ.ஆரில் இருக்கும். அதில் ஓட்டுநருக்கு அபராதமோ சிறையோ கிடைக்கலாம். உங்களுக்கு இழப்பீடு வருவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனுவில்தான். கோர்ட்டில் அதை ‘எம்.சி.ஓ.பி.’ என்பார்கள். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றத்திலும், மாவட்டங்களில் அதற்கென ஒதுக்கிய நீதிமன்றத்திலும் நடக்கும்.

விபத்து நடந்த ஊரிலேயே போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். விழுப்புரம் பக்கத்தில் அடிபட்ட திருநெல்வேலிக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை.

எத்தனை நாளுக்குள்ள போடணும்?

விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு இதைச் சொல்கிறது, 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்பு நீண்ட காலம் கெடுவே கிடையாது. அதனால்தான் ‘எப்ப வேணாலும் போடலாம்’ என்று பெரியவர்கள் இன்னமும் சொல்கிறார்கள்.

இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் வந்தன. காலம் கடந்துவிட்டது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆறு மாதம் தாண்டியவர்கள் மட்டும் நம்பிக்கை விடாமல் உடனே வக்கீலைப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போதே ஒருத்தர் வந்து கையெழுத்து கேட்டார். போடலாமா?

வேண்டாம். அவர் வக்கீல் இல்லை, தரகர். எலும்பு முறிவு வார்டு வாசலில் இவர்களைப் பார்க்கலாம். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் வக்காலத்து பாரம், வக்கீல் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. எஃப்.ஐ.ஆர். நம்பர் உங்கள் வீட்டாருக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். ‘பத்து லட்சம் வாங்கித் தர்றோம், பைசா செலவில்லை’ என்பார். கூடவே ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று ஒரு சின்னத் தொகையை நோயாளியின் மனைவி கையில் வைப்பார். அந்தப் பணம்தான் தூண்டில்.

வக்கீல்கள் ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதை இந்திய வழக்குரைஞர் மன்ற விதிகள் தடை செய்கின்றன. விதியை முதல் நாளே மீறுகிறவர், கடைசி நாளில் உங்கள் பணத்தை மட்டும் ஒழுங்காக எண்ணித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டால் பயப்படவும் வேண்டாம், வக்கீலை மாற்றுவது பற்றிய பதிலைப் பாருங்கள்.

அப்போ நல்ல வக்கீலை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

கோர்ட்டுக்கே ஒரு நாள் வாருங்கள். விபத்து வழக்குகள் நடக்கும் ஹாலில் பின்வரிசையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். கேஸ் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சாட்சியை விசாரிப்பவர் யார், கூப்பிட்டதும் எழுந்து வாய்தா மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர் யார் என்று சட்டம் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். போர்டில் எத்தனை பட்டம் எழுதியிருக்கிறது என்பதைவிட இது பெரிய தகவல். ஏற்கெனவே இழப்பீடு வாங்கி முடித்தவர்கள் உறவிலோ தெருவிலோ இருந்தால் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘தீர்ப்பில் எழுதிய தொகை எவ்வளவு, உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு?’

முதல் சந்திப்பில் வக்கீலிடம், கேஸை அவரே நடத்துவாரா ஜூனியரா, இதில் உள்ள பலவீனம் என்ன என்று கேளுங்கள். பலவீனமே இல்லை என்று சொல்பவரைவிட, ‘ஏ.ஆர். காப்பியில ஒரு சிக்கல் இருக்குதே’ என்று இழுப்பவர் மேல். (ஏ.ஆர். என்பது ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேடு.) அவர் பேப்பரைப் படித்திருக்கிறார். தொகையை அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிப் பட்டியலில் இருக்கும் வக்கீல் என்றால், உங்கள் கேஸில் எதிரியாக இருக்கும் அதே கம்பெனிக்கு ஆஜராகிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பீஸ் எவ்வளவு? வர்ற பணத்துல முப்பது பர்சென்ட்னு சொல்றாங்களே?

ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று வக்கீல் பீஸ் பேசுவது இந்தியாவில் செல்லாது. வழக்குரைஞர் மன்ற விதி அதைத் தடுக்கிறது, 2017இல் உச்ச நீதிமன்றமும் பி. சுனிதா வழக்கில் அதையே சொன்னது. வெளிநாட்டுப் படங்களில் பார்ப்பதை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். நடைமுறையில் வராந்தாவில் பர்சென்ட் பேச்சு ஓடுகிறது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஓடுகிறது என்பதற்காக அது சரியாகிவிடாது.

மொத்தத் தொகையாகப் பேசுங்கள். மனு போடும்போது கொஞ்சம், சாட்சி விசாரணையில் கொஞ்சம், தீர்ப்புக்குப் பின் மீதி என்று தவணை வைத்துக்கொள்ளலாம். கையில் காசு இல்லாதவர்களுக்கு வக்கீல்கள் காத்திருப்பதும் உண்டு. எதுவானாலும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். பீஸ் தனி, கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவு, சாட்சிக்கு வரும் டாக்டருக்கான படி ஆகியவை தனி. கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள், எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் கையில் கொடுத்தாலும்தான்.

எங்ககிட்ட அஞ்சு பைசா இல்லை. இலவசமா வக்கீல் கிடைப்பாரா?

கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகாவில் வட்டச் சட்டப் பணிகள் குழு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. கணவரை இழந்த பெண் மனுதாரர் என்றால் நேராகப் போய் மனு எழுதிக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவசம் என்றால் ஏனோதானோவென்று நடத்துவார்கள் என்ற பேச்சை நான் முழுசாக ஏற்பதில்லை. அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள், சுமாரானவர்களும் இருக்கிறார்கள், பணம் கொடுத்து வைக்கும் இடத்தைப் போலவேதான்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது என்னென்ன கொண்டு போகணும்?

எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்து பில்கள், ஆம்புலன்ஸ் பில், ஆதார், வங்கிப் பாஸ்புக். உயிரிழப்பு என்றால் பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வருமானத்துக்கு எது இருக்கிறதோ அது. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, சம்பவ இட வரைபடம், இடித்த வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுநர் லைசென்ஸ் நகல்கள் ஆகியவை போலீஸ் பக்கம் இருக்கும், வக்கீல் வாங்கிக்கொள்வார்.

மருந்து பில்களை மட்டும் கவனமாக வையுங்கள். நாள்பட்டால் எழுத்து அழியும் தாளில் அச்சான பில், கேஸ் விசாரணைக்கு வரும் நேரத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினலோடு பின் அடித்துவிடுங்கள். ஒரிஜினல் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

வக்காலத்துல கையெழுத்து போடுறது சரி. வெத்துப் பேப்பர்லயும், செக்குலயும் கேக்குறாங்களே?

வக்காலத்து என்பது உங்கள் சார்பில் ஆஜராக வக்கீலுக்கு நீங்கள் தரும் அதிகாரம். அதில் வக்கீல் பெயர், கோர்ட்டு, கட்சிக்காரர்கள் விவரம் எழுதியிருக்க வேண்டும். படித்துப் பார்த்துப் போடுங்கள். மனுவிலும் நிரூபண வாக்குமூலத்திலும் உங்கள் கையெழுத்து வேண்டும், அதையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் ‘இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது, சரிதானே?’ என்று கேட்பார்கள். விழித்தால் கேஸ் தளரும்.

வெற்றுத்தாள், வெற்றுக் காசோலை, பணம் எடுக்கும் சீட்டு, ஏ.டி.எம். கார்டு ஆகியவற்றைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. புதிதாக ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கி பாஸ்புக்கை ஆபீசிலேயே வைத்துக்கொள்கிறோம் என்றாலும் மறுத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரி சீட்டுல ‘தானா விழுந்தார்’னு எழுதிட்டாங்க. கேஸ் போச்சா?

இது நான் அதிகம் பார்க்கும் சிக்கல். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய மச்சான், பதற்றத்தில் ‘வண்டியிலேர்ந்து விழுந்துட்டார் சார்’ என்கிறார். டியூட்டி டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தில் அதையே எழுதுகிறார். லாரி இடித்து விழுந்தார் என்ற முக்கியமான பாதி விட்டுப்போகிறது. இரண்டு வருடம் கழித்து அந்த ஒரு வரியைத்தான் இன்சூரன்ஸ் வக்கீல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

போகவில்லை, ஆனால் பாடு கூடும். இடித்ததைப் பார்த்த சாட்சி, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் உள்ள சேதம், கடை கேமராப் பதிவு, ஓட்டுநர் மேல் தாக்கலான குற்றப்பத்திரிகை எல்லாம் உதவும். கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் அதை முதல் வாரமே கேளுங்கள். எஃப்.ஐ.ஆரில் உங்கள் மேலேயே தவறு என்று எழுதியிருந்தாலும் இதே வழிதான். எஃப்.ஐ.ஆர். முடிவான தீர்ப்பு இல்லை, தீர்ப்பாயம் சாட்சியத்தைத் தானே எடைபோடும்.

எதிர்த்தரப்பின் தவறை நிரூபிக்கவே முடியாது என்றால் 164ஆம் பிரிவு இருக்கிறது. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், தவறை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தொகையை வாங்கிக்கொண்டால் தவறை நிரூபித்துக் கேட்கும் 166ஆம் பிரிவில் போட்ட பெரிய மனு காலாவதியாகும். வக்கீலிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? எப்படிக் கணக்குப் போடுறாங்க?

உயிரிழப்புக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு இருக்கிறது. 2009இல் சரளா வர்மா வழக்கு, 2017இல் பிரணய் சேத்தி வழக்கு. வயதுக்கு ஏற்ற மடங்கு, வருங்கால வருமான உயர்வு, இறந்தவரின் சொந்தச் செலவுக்குக் கழிவு, இந்த மூன்றும்தான் அடிப்படை. உதாரணத்துக்கு 38 வயது, சொந்தத் தொழில், மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குள், சொந்தத் தொழில் என்பதால் 40 சதவீதம் கூட்டினால் 21,000. சார்ந்திருப்பவர்கள் நான்கு பேர் என்பதால் கால் பங்கு கழித்தால் 15,750. வருடத்துக்கு 1,89,000. அந்த வயதுக்கு மடங்கு 15. ஆக 28,35,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச்செலவு, துணையை இழந்ததற்கு, சொத்திழப்புக்கு என்று நிர்ணயித்த சிறு தொகைகள் சேரும்.

அடிபட்டவருக்கு மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலி வேதனை, உதவியாளர் செலவு, போக்குவரத்து, சத்துணவு என்று தலைப்பு தலைப்பாகப் போடுவார்கள். ஊனம் வேலையைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றால், ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்குவது இங்கே வழக்கம். வேலையையே பாதித்தால் மேலே சொன்ன மடங்கு முறை. இந்த இரண்டுக்கும் இடையே லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். அதனால் எந்த முறையைக் கேட்டிருக்கிறார் என்று உங்கள் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு, இங்கே பெரும்பாலும் 7.5 சதவீதம்.

டாக்டர் 40 பர்சென்ட் ஊனம்னு கொடுத்துட்டார். அப்போ 40 பர்சென்ட் வருமானம் போச்சுன்னு எடுத்துப்பாங்களா?

அப்படியே எடுக்க மாட்டார்கள். சதவீதம் காலுக்கா, உடம்பு முழுசுக்குமா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு அந்த ஊனம் அவருடைய வேலையை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்ப்பார்கள். 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. ஒரே மாதிரி கால் முறிவு, கணக்கு எழுதுபவருக்கு ஒரு மாதிரி, லோடு தூக்குபவருக்கு வேறு மாதிரி. அதனால் நீங்கள் செய்த வேலையைச் சாட்சியத்தில் விவரமாகச் சொல்ல வேண்டும். ‘கூலி’ என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். சாரத்தில் ஏறிப் பூசுவீர்களா, குத்த வைத்து உட்கார்ந்து கல் பதிப்பீர்களா, இப்போது முட்டியை மடக்க முடிகிறதா என்பதெல்லாம் பதிவாக வேண்டும். பல தீர்ப்பாயங்கள் அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவுக்கு அனுப்பித்தான் சதவீதத்தை முடிவு செய்கின்றன. அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. வீட்ல இருக்குற பொம்பளைக்கு வருமானம்னு என்ன காட்டுறது?

சீட்டு இல்லாததாலேயே கேஸ் விழாது. 2008இல் அடிபட்ட ஒரு காய்கறி வியாபாரிக்கு ஆவணம் எதுவும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அது சையது சாதிக் வழக்கு, 2014. வங்கிக் கணக்கில் வந்து போன பணம், நலவாரிய அட்டை, மேஸ்திரியின் சாட்சியம் என்று கிடைத்ததைக் கொடுங்கள்.

வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு. இல்லத்தரசிக்கு உத்தேச வருமானம் கணக்கிட வேண்டும் என்பதை 2021இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகவே சொல்லியிருக்கிறது. ‘சும்மா வீட்ல இருக்கேன்’ என்று கூண்டில் நின்று சொல்லிவிடாதீர்கள். சமையல், பிள்ளைகள், மாமியாருக்குப் பணிவிடை, மாடு இருந்தால் மாடு, எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

ஹெல்மெட் போடலை, மூணு பேரா போனோம், லைசென்ஸும் இல்லை. வக்கீல்கிட்ட மறைச்சுடலாமா?

வக்கீலிடம் மறைத்தால் அது இன்சூரன்ஸ் வக்கீல் வாயிலிருந்து வெளியே வரும், அதுதான் நடக்கும். முன்கூட்டியே தெரிந்தால் உங்கள் வக்கீல் தயாராக இருப்பார். மூன்று பேர் போனதாலேயே உங்கள் மேலும் தவறு என்று ஆகிவிடாது, அதனால்தான் விபத்து நடந்தது என்று காட்ட வேண்டும் என 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடிபட்டவருக்கு லைசென்ஸ் இல்லை என்பதும் அப்படியே. ஹெல்மெட் விஷயத்தில், தலையில் அடி என்றால் ஒரு பங்கு கழிப்பார்கள். காலில் அடிபட்டவருக்கு ஹெல்மெட்டைச் சொல்லிக் கழித்தால் வக்கீல் எதிர்த்து வாதாட வேண்டும்.

இடிச்சவனுக்கு லைசென்ஸ் இல்லை. வண்டிக்கு இன்சூரன்ஸும் இருக்கான்னு தெரியலை.

இன்சூரன்ஸ் இருந்து லைசென்ஸ் இல்லை என்றால், ‘முதலில் நீ கட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்’ என்று கம்பெனிக்கு உத்தரவிடுவது கோர்ட்டுகளின் வழக்கம். கம்பெனி சண்டை போடும், போடட்டும். இன்சூரன்ஸே இல்லை என்றால் வண்டிக்காரர் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும். அவரிடம் இருந்தால்தானே? அதனால் போலீஸ் வண்டியை விடுவதற்கு முன்பே வக்கீலிடம் ஓடுங்கள். இழப்பீட்டுக்கு ஈடாகப் பிணையம் கேட்க வழி இருக்கிறது, வண்டி கைமாறிவிட்டால் கஷ்டம்.

பிரண்டு வண்டியில பின்னாடி உட்கார்ந்திருந்தேன். அவனே கொண்டுபோய் மரத்துல மோதிட்டான்.

அந்த வண்டிக்கு என்ன பாலிசி என்று பாருங்கள். முழுமையான பேக்கேஜ் பாலிசி என்றால் பின்னால் உட்கார்ந்தவருக்கும் கேட்கலாம். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் கம்பெனி பொறுப்பேற்காது, வண்டிக்காரர்தான் பொறுப்பு. ஓட்டிய நண்பர் வண்டியின் சொந்தக்காரராகவும் லைசென்ஸ் உள்ளவராகவும் இருந்தால், அவருக்கு 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாலிசியில் தேடச் சொல்லுங்கள். பலருக்கு அதற்குப் பணம் கட்டியதே ஞாபகம் இருக்காது.

இடிச்சுட்டு நிக்காம போயிட்டான். வண்டி நம்பர் தெரியலை.

முதலில் எஃப்.ஐ.ஆர். போட வையுங்கள். வண்டி அகப்படவே இல்லை என்றால் அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரலில் இது உயர்த்தப்பட்டது. மனு வருவாய்த் துறை அதிகாரியிடம் போகும், தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கலாம். முதல் கேள்வியில் வக்கீல் வேண்டாம் என்று நான் சொன்னது இதைத்தான். பின்னால் வண்டி கண்டுபிடிக்கப்பட்டு வழக்கில் இழப்பீடு கிடைத்தால், வாங்கிய தொகை அதில் சரிக்கட்டப்படும்.

அரசு பஸ் இடிச்சுது. கவர்மென்ட்டு மேல கேஸ் போட்டு ஜெயிக்க முடியுமா?

தாராளமாக. இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து போக்குவரத்துக் கழகங்களுக்குச் சட்டமே விலக்கு அளிக்க இடம் தருவதால், கழகமே நேரடியாகக் கட்ட வேண்டும். ஜெயிப்பது அல்ல, வசூலிப்பதுதான் பாடு. தீர்ப்புக்குப் பிறகும் பணம் வராவிட்டால் நிறைவேற்றுகை மனு போட்டு, பஸ்ஸை ஜப்தி செய்ய உத்தரவு வாங்குவார்கள். கோர்ட்டு அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுவார். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். பஸ் கோர்ட்டு வளாகத்துக்கு வந்து நிற்கும். அதன் பிறகு பெரும்பாலும் பணம் நகரும். பஸ் கேஸ் என்றால் நிறைவேற்றுகை மனுவுக்கும் சேர்த்தே பீஸ் பேசிவிடுங்கள்.

லோக் அதாலத்துல முடிச்சுக்கலாம்னு வக்கீல் சொல்றார். நம்பலாமா?

மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அதோடு தீர்ந்தது, அப்பீல் கிடையாது. அதுவே அதன் பலமும் பலவீனமும். பணம் சீக்கிரம் வரும், கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் கம்பெனி கொடுக்கும் தொகை, விசாரித்தால் வரக்கூடியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சிறு காயம், சாட்சியம் சுமார் என்றால் முடித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் சம்பாதித்தவர் போய்விட்டார், அல்லது நிரந்தர ஊனம் என்றால், மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். சம்மதம் உங்களுடையது, வக்கீலுடையது இல்லை. அன்றைக்குக் காலையில் அவசரப்படுத்தினால், ‘அடுத்த அதாலத்துக்குப் பார்க்கலாம் சார்’ என்று சொல்லிவிட்டு வரலாம்.

வக்கீல் போனே எடுக்கிறதில்லை. மாத்த முடியுமா? பேப்பரைத் தர மாட்டேங்கிறார்.

முதலில் கேஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா, இதுவரை நடந்தது எல்லாம் தெரியும். வழக்குப் போட்ட அன்றே இந்த எண்ணை வாங்கிவிடுங்கள். போன் எடுக்காதது எப்போதும் ஏமாற்று வேலை இல்லை. பல நாள் கேஸில் சொல்வதற்கே ஒன்றும் இருக்காது. ஆனால் நீங்கள் வராததால் தள்ளுபடி என்று செயலி காட்டினால், அதே நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். மறுபடி எடுக்கச் சொல்லி மனு போடலாம்.

மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, புது வக்கீல் வக்காலத்து போடுவது வழக்கம். அவர் தர மறுத்தால் கோர்ட்டு அனுமதியோடு மாற்றலாம். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நியாயமான பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டு வருவதுதான் மரியாதை. மோசடி என்றால் தமிழ்நாடு புதுச்சேரி வழக்குரைஞர் மன்றத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

தீர்ப்பு வந்து ஆறு மாசம் ஆச்சு. பணம் எங்கே?

கம்பெனி தொகையைக் கட்டியதா, அப்பீல் போனதா என்று பாருங்கள். அப்பீல் என்றால் உயர் நீதிமன்றம் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித் தடை கொடுத்திருக்கலாம், அந்தப் பகுதியை எடுக்க மனு போடலாம். தொகை உங்கள் கணக்கில் நேராக வர வேண்டும் என்பதை 2025இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. பாஸ்புக் நகலில் உங்கள் பெயரும் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மைனர் பிள்ளைகளின் பங்கு வங்கியில் வைப்பு நிதியாகப் போகும், அதை யாரும் எடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

கேட்டது இருபது லட்சம், வந்தது ஒன்பது. மேல போகலாமா?

90 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ போகலாம். தீர்ப்பு நகலை வாங்கி எந்தத் தலைப்பில் குறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வருமானத்தைக் குறைத்தார்களா, மடங்கு முறையை விட்டுச் சதவீதத்துக்குப் போனார்களா, உங்கள் மேல் பாதித் தவறு வைத்தார்களா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று என்றால் போவதற்கு அர்த்தம் இருக்கிறது. சத்துணவுக்கு ஐயாயிரம் குறைவு என்றெல்லாம் போக வேண்டாம். கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு, 2002இல் நாகப்பா வழக்கில் அது தெளிவாகிவிட்டது. எனவே முதலில் குறைத்துக் கேட்டுவிட்டோமே என்றும் கவலைப்படாதீர்கள்.

ஓட்டினது எங்க பையன்தான். லைசென்ஸ் இருக்குற வேற ஆள் பேரைப் போட்டுக்கலாம்னு ஒருத்தர் சொல்றார்.

அந்த ஆளோடு பேச்சை நிறுத்துங்கள். ஓட்டுநரை மாற்றுவது, இன்சூரன்ஸ் உள்ள வண்டியைக் கொண்டுவந்து செருகுவது, வேறெங்கோ விழுந்த காயத்தை விபத்தாக்குவது எல்லாம் கம்பெனிகளின் புலனாய்வாளர்கள் தினம் தேடும் விஷயங்கள். பிடிபட்டால் இழப்பீடு போவதோடு கிரிமினல் வழக்கும் வரும். அதில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும், யோசனை சொன்னவர் பெயர் எங்கேயும் இருக்காது.

கேஸ் நடக்கும்போதே அப்பா மாரடைப்புல போயிட்டார். விபத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. கேஸ் அவ்வளவுதானா?

இல்லை. முன்பு இதில் குழப்பம் இருந்தது. இப்போது 166ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு, காயத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை, சாவுக்கு என்ன காரணமாக இருந்தாலும் வாரிசுகளுக்குப் போகும் என்று சொல்கிறது. இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போய், வாரிசுகளைச் சேர்க்க மனு போடச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகத்தில் நாளாகும், அதனால் காரியம் முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.